கரடி வாங்கிய சேசிஸ்

ஒரு காட்டில், அதாவது கொண்டை ஊசி வளைவுகளும் வாகனச் சோதனையும் வந்துவிட்ட அளவுக்கு நாகரிகமடைந்த காட்டில், மாசானம் என்ற கரடி பழைய லாரியில் தேன் ஏற்றிப் பிழைத்துவந்தது. நீண்ட மூக்கும் உருண்டைக் கண்ணுமாக அந்த லாரி வந்தால், மான்கள்கூட ஓடாமல் நின்று பார்க்கும். வளைவில் திருப்பினால்தான் வம்பு. முன்பக்கம் மலையைப் பார்க்கும், பின்பக்கம் பள்ளத்தைப் பார்க்கும்.

"பௌர்ணமிக்குள் ஆட்டத்தை நிறுத்தும். இல்லையென்றால் லாரி காயலான் கடைக்குத்தான்" என்றது சோதனை அதிகாரி ஆந்தை.

கரடி லாரியை நேரே பட்டறைக்கு விட்டது. பட்டறைக்காரக் கீரி வண்டிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது.

"இன்ஜினும் பாடியும் தங்கம், அண்ணாச்சி. எல்லாத்தையும் தாங்குற சேசிஸ்தான் நெளியுது. மாத்திருவோம்."

யோசனை சொல்லக் காடே திரண்டது.

"பஸ் சேசிஸ் போடும் வே, படுத்துக்கிட்டே போகலாம்" என்றது எருமை.

"டிப்பர் சேசிஸ்தான் சரி. நானே ஏறினாலும் தாங்கும்" என்றது யானை.

"நீரு ஏறவா நான் வண்டி வச்சிருக்கேன்?" என்றது கரடி.

நீளமானது வளைவில் திரும்பாது. கனமானது சொன்ன பேச்சைக் கேட்காது. குட்டையாக, தாழ்வாக, முறுக்கினாலும் நெளியாத சேசிஸ் ஒன்றைக் கரடி தேர்ந்தெடுத்தது. யானை பாடியைத் தூக்கி அதன்மேல் வைத்தது. முதல் வளைவில் தேன் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கரடி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதது.

பௌர்ணமியன்று ஆந்தையும் வியந்தது. பிறகு அடியில் சிறகை விட்டு, சேசிஸில் வெட்டியிருந்த எண்ணைத் தடவிப் பார்த்தது.

"இது உம்ம லாரி இல்லையே."

"சார்! மூஞ்சி அதே, இன்ஜின் அதே, ஓட்டுற நானும் அதே!"

"சேசிஸ் நம்பர்தான் ஓய் வண்டி. மற்றதெல்லாம் அலங்காரம்."

"அப்போ என் லாரி எங்கே சார்?"

பட்டறைக்குப் பின்னால் கழற்றிப் போட்டு மழையில் கிடந்த பழைய சேசிஸை, அந்தத் துருப்பிடித்த இரும்புச் சட்டத்தை, ஆந்தை காட்டியது. அழகான லாரியை, உரிமையாளர் தெரியாத வண்டி என்று பறிமுதல் செய்தது. பிறகு, கடமை தவறாத பறவை என்பதால், அந்த இரும்புச் சட்டத்தையும் சோதித்தது. தள்ளிப் பார்த்தது. ஆடவில்லை, சாயவில்லை.

"அருமையாகத் தேறிவிட்டது" என்று அதன்மேல் சான்றிதழை ஒட்டிவிட்டுப் பறந்தது.

நீதி: வளைவில் ஆடாத வண்டி வேண்டுவோர், ஓடாத வண்டியாகப் பார்த்து வாங்குக.