என் முத்திரையும் ஐந்து நகினாதா வீரர்களும்

இந்த வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகளை மீட்டே தீருவது என்று ஏப்ரல் முதல் தேதி காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன்.

என் பெயர் உசுயி ஹிசாஷி. வயது நாற்பத்தெட்டு. துறைமுக ஊர் மேல்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். அதோடு இருபத்தோரு வருடமாக டென்னிஸ் குழுவின் பொறுப்பாசிரியர். பொறுப்பாசிரியருக்கு ஞாயிறு கிடையாது. பையன்கள் பந்தடிப்பார்கள், நான் வெயிலில் நின்று பார்ப்பேன். என் இடது கன்னம் மட்டும் கறுத்துக் கிடப்பதற்குக் காரணம், சூரியன் அந்தப் பக்கம் இருப்பதுதான்.

எனக்கு இருப்பது ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அலைதடுப்புச் சுவரின் நுனியில் தன்னந்தனியாக உட்கார்ந்து மீன் பிடிக்க வேண்டும். மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. யாரும் என்னை 'சார்' என்று கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக ஒரு தூண்டில் கழி வாங்கி, மெத்தை அலமாரிக்குப் பின்னால் மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கழி இன்னும் கடலைப் பார்க்கவில்லை.

அன்று பள்ளியில் பொறுப்புகளைப் பங்கிடும் கூட்டம். தலைமை ஆசிரியர் நிராசாவா பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து, நகினாதா குழு என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

நகினாதா என்பது ஆளைவிட நீளமான கழி, நுனியில் வளைந்த அலகு. பள்ளியில் அலகு மூங்கில்தான். எங்கள் ஊரில் அதைப் பழகுவது பெண்கள். பையன் எவனும் கையால் தொட மாட்டான். இப்போது பெண்களும் தொடுவதில்லை. கடைசியாக இருந்த இரண்டு பேரும் மார்ச்சில் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் ஐந்து பேர் சேராவிட்டால் குழுவைக் கலைத்துவிட வேண்டும், அது பள்ளி விதி.

டென்னிஸை வேறு யாருக்காவது கொடுங்கள், இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கையைத் தூக்கினேன். மூழ்கும் கப்பலில் யாராவது விரும்பி ஏறுவார்களா என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கப்பல் மூழ்கினால்தானே கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்க முடியும்? தலைமை ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தியாகமா என்று கண் கலங்கினார். நானும் கொஞ்சம் கலங்கிக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் மனைவி கினுயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளி வாசலுக்கு எதிரே சாப்பாட்டுப் பொட்டலக் கடை நடத்துகிறவள் அவள். என் சாமர்த்தியத்தை அவளிடம் அளக்காமல் யாரிடம் அளப்பேன்?

"அஞ்சு பேரு வேணும் கினுயோ. ஒருத்தர்கூட வர மாட்டாங்க. மே மாசத்துலேர்ந்து உன் புருஷனுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. உனக்கு வீட்டு வேலையில ஒத்தாசையா இருப்பேன்."

கடைசி வாக்கியம் பொய். அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

"அஞ்சு பேரா?" என்றாள். "பொண்ணுங்கதான் சேரணும்னு விதி இருக்காங்க?"

"இல்ல. ஆனா எந்தப் பையன் சேருவான்?"

"அதுவும் சரிதான்."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னோடு இவ்வளவு சுலபமாக ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஆசிரியர் அறை வாசலை ஒரு உருவம் அடைத்துக்கொண்டு நின்றது. கொமோதா. பதினாறு வயது, தொண்ணூறு கிலோ. சாப்பாட்டு மணிக்குத் தவிர வேறு எதற்கும் ஓடியறியாதவன். நகினாதாவில் சேர வேண்டும் என்றான்.

"அது பொண்ணுங்க ஆட்டம்டா."

"தெரியும் சார். மாகாணப் போட்டிக்கு முந்நூறு பொண்ணுங்க வருவாங்களாம். பசங்க பத்து பேருதானாம்."

"யாரு சொன்னா?"

"அது ரகசியம் சார்."

அவன் மூச்சில் கொரொக்கே வாசனை அடித்தது. உருளைக்கிழங்கை மசித்துத் தட்டி, ரொட்டித் தூள் ஒட்டிப் பொரிக்கும் அந்தப் பண்டத்துக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு கடைதான் பேர் போனது. அதுவும் எனக்கு உறைக்கவில்லை. பூகோளம் படித்தவனுக்குத் தூரத்து மலைதான் கண்ணில் படும்.

மறுநாள் ஹயாமிசு வந்தான். ஒல்லி, மூக்குக்கண்ணாடி, எந்தப் பந்து எந்தப் பக்கம் போனாலும் அவன் முகத்தில்தான் வந்து விழும். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர். ஆக ஐந்து.

பயமுறுத்திப் பார்த்தேன். தினமும் பயிற்சிக்கு முன்னால் கூடத்தின் தரை முழுவதையும் ஈரத்துணியால் தேய்க்க வேண்டும் என்றேன். குனிந்து, துணியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு ஓடுவது சாதாரண வேலை இல்லை. அவர்கள் அதைப் பந்தயமாக்கிவிட்டார்கள். கொமோதா நிற்கத் தெரியாமல் போய்ச் சுவரில் மோதினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்து, இன்னொரு தடவை என்றார்கள்.

சரி, அடுத்த ஆயுதம். அப்பாவின் முத்திரை விழுந்த சம்மதக் கடிதம் வேண்டும் என்றேன். எங்கள் நாட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குடும்பப் பெயர் செதுக்கிய முத்திரையைத்தான் குத்துவோம். ஐந்து பேரின் அப்பாக்களும் மீன்பிடிப் படகுக்காரர்கள், முரட்டு ஆட்கள். மகனைப் பெண்கள் விளையாட்டுக்கு அனுப்பச் சம்மதிப்பார்களா?

மறுநாள் காலை ஐந்து கடிதங்களும் என் மேஜையில் இருந்தன. ஐந்திலும் சிவப்பு மையில் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது.

"எப்படிடா?"

"அம்மா நீட்டினாங்க, அப்பா குத்திட்டாரு சார்," என்றான் ஹயாமிசு. "அப்பா எதையும் படிக்க மாட்டாரு."

அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் அந்த அப்பாக்களை எண்ணி எண்ணிச் சிரித்தேன். பெண்டாட்டி நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவன் ஒரு மனிதனா என்று கேட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கினுயோ எனக்கு ஒரு கோப்பை பீர் ஊற்றி, உப்புப் போட்டு வேகவைத்த பச்சைச் சோயாக்காயை வைத்து, பக்கத்தில் அந்த வாரத்துக் காகிதங்களை அடுக்குவாள். வீட்டுக்கு வீடு சுற்றி வரும் தெருச் சங்கத்து அட்டை, குப்பை அறிவிப்பு, இன்னும் என்னென்னவோ. நான் முத்திரையை மையில் ஒற்றி வரிசையாகக் குத்திக்கொண்டே போவேன். குடும்பத் தலைவன் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தால் அதில் கம்பீரம் போய்விடும் அல்லவா?

மிச்சம் இருந்தது ஒரே வழி. தேர்ச்சி பெற்ற பயிற்சியாளர் இல்லாமல் நகினாதாவைக் கையில் கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு ஆள் நம் ஊரில் இல்லையே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனேன். அவர் முகமெல்லாம் மலர்ந்தது.

"என்ன சார், தமாஷ் பண்றீங்களா? பயிற்சியாளர் விண்ணப்பம் வந்து ரெண்டு வாரம் ஆச்சே. ஞாயித்துக்கிழமைப் பயிற்சி அட்டவணையும் கூடவே வந்துச்சு. பொறுப்பாசிரியர்னு நீங்கதானே முத்திரை குத்தியிருக்கீங்க."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பயிற்சியாளர்: உசுயி கினுயோ. மூன்றாம் நிலைத் தேர்ச்சி. அதன் கீழே என் முத்திரை. பக்கத்தில் சின்னதாக ஒரு ஈர வட்டம், பீர்க் கோப்பையின் அடிப்பக்கம்.

பயிற்சிக் கூடத்துக்கு ஓடினேன். நடுவில் கினுயோ நின்றாள். வெள்ளை மேல்சட்டை, கறுப்பு மடிப்புப் பாவாடை, தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். கையில் இருந்த நகினாதா அவளைவிட நீளம். அதை ஒரு சுழற்று சுழற்றினாள். காற்று வீசிய சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அலகு கொமோதாவின் நெற்றிக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது. கொமோதா மூச்சு விடவில்லை. நானும்தான். இவளிடமா இருபத்திரண்டு வருடமாகச் சூப்பில் உப்புக் குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது முதுகு சில்லிட்டது. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு குதூகலம். பெண் பார்த்த அன்று வந்தது போலவே இருந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளிடம் கேட்டேன்.

"உனக்கு நகினாதா தெரியும்னு சொல்லவே இல்லையே?"

"கல்யாணம் பேசும்போது குடுத்த விவரத் தாள்ல முதல் வரியே அதாங்க. மாகாணத்துல முதல் பரிசு வாங்கினதுகூட எழுதியிருந்தேன்."

"நான் போட்டோவை மட்டும்தான் பார்த்தேன்."

"தெரியும்," என்றாள். "எங்க பள்ளிக்கூடத்தை மூடினப்பவே குழு போயிடுச்சு. இந்தக் கரையில மிச்சம் இருந்தது உங்க பள்ளிக்கூடத்துக் குழு ஒண்ணுதான். அதையும் நீங்க மூடப் போறேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. முள்ளங்கிக்கு யாராவது அழுவாங்களா? அதான் அடக்கிக்கிட்டேன்."

அவள் கையிலிருந்த நகினாதாவை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அப்படியும் மீன் நினைப்பு போகவில்லை, அது வேறு விஷயம்.

ஜூன் மாதம் மாகாணப் போட்டி. முந்நூறு பெண்கள் என்று சொன்னது நிஜம். ஐந்து பையன்களும் அவர்களைப் பார்த்ததும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். நகினாதாவில் எங்கே அடிக்கிறோமோ அந்த இடத்தைக் கத்திச் சொல்லி அடிக்க வேண்டும். கொமோதா 'தலை' என்று கத்திவிட்டுக் காலில் அடித்தான். செல்லாது. 'கால்' என்று கத்திவிட்டுத் தலையில் அடித்தான். அதுவும் செல்லாது. நான்கு பேர் வரிசையாகத் தோற்றார்கள். கடைசியில் ஹயாமிசு. எதிராளியின் வீச்சுக்குப் பயந்து அவன் குனிந்தான், குனிந்தபடியே 'கால்' என்று அலறி வீசினான். நடுவர்கள் மூன்று பேரும் கொடியைத் தூக்கினார்கள். ஒரு புள்ளி. எங்கள் முதல் புள்ளி. நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். கினுயோ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், இந்தத் தடவை அடக்கிக்கொள்ளவில்லை. அப்புறம் அவனும் தோற்றான்.

பையன்கள் பிரிவில் மொத்தம் கலந்துகொண்டதே இரண்டு பள்ளிகள்தான். எனவே எங்களுக்கு இரண்டாம் பரிசு. தலைமை ஆசிரியர் 'மாகாணத்தில் இரண்டாம் இடம்' என்று எழுதிய நீளத் துணியை மூன்றாவது மாடியிலிருந்து தொங்கவிட்டார். எத்தனை பள்ளிகளில் என்பதற்குத் துணியில் இடம் போதவில்லை.

அதோடு நின்றிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். இரண்டாம் பரிசுக்காரர்கள் ஆகஸ்ட் விடுமுறையில் ஐந்து நாள் முகாமுக்குப் போகலாமாம். அந்த ஐந்து நாள் நான் மீனுக்கென்று வைத்திருந்த ஐந்து நாள். விண்ணப்பத்துக்குப் பொறுப்பாசிரியர் முத்திரை வேண்டும்.

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். வியாழக்கிழமையே மேஜை இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன். வெள்ளிக்கிழமை பீர் வந்தது. சோயாக்காய் வந்தது. காகிதங்கள் வந்தன.

"முத்திரையைக் காணோமே கினுயோ," என்றேன், பரம வருத்தத்தோடு.

"கிடைக்கும்போது கிடைக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் காகிதங்களை எடுத்து வைத்தாள். அன்றைய பீர் அமிர்தமாக இருந்தது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் நடைவழியில் என்னைப் பிடித்துக்கொண்டார். முகாம் விண்ணப்பம் வந்துவிட்டதாம். இருபது வருடத்தில் என் முத்திரை இவ்வளவு நேராக விழுந்து அவர் பார்த்ததே இல்லையாம். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். முத்திரை அங்கேயேதான் இருந்தது. பொத்தானும் மாட்டியபடியே இருந்தது.

கடைக்குப் போனேன். கினுயோ கொரொக்கே பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு முத்திரை?"

"நூறு யென் கடையில சுத்துற தட்டியில எல்லாக் குடும்பப் பேரும் தொங்குதே, அங்க வாங்கினேன்."

"அது கள்ள முத்திரை."

"என்ன கள்ளம்? முத்திரையில ஹிசாஷின்னா செதுக்கியிருக்கு? உசுயின்னுதானே இருக்கு. அப்ப நான் யாரு?"

எண்ணெய் சடசடத்தது. யோசித்துப் பார்த்தேன்.

"அப்ப இருபத்திரண்டு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம ஏன் என்கிட்ட நீட்டினே?"

"குத்தும்போது உங்க முகத்துல ஒரு களை வருங்க. அதைப் பார்க்கறதுக்குத்தான்."

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. சூடாக ஒரு கொரொக்கேயைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"வருத்தப்படாதீங்க. முகாம் நடக்கற இடம் கடற்கரைதான். மெத்தை அலமாரிக்குப் பின்னால ரெண்டு வருஷமா ஒரு கழி நிக்குதே, அதையும் எடுத்துக்குங்க. பயிற்சி எட்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் நீங்க அங்க இருக்கற அலைதடுப்புச் சுவத்து நுனியில உக்காந்துக்கலாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

முகாமின் முதல் நாள் காலை, அலைதடுப்புச் சுவரின் நுனிக்குப் போய் உட்கார்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. என் கழி முதல் முறையாகக் கடலைப் பார்த்தது. தூண்டிலை வீசினேன். பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. ஐந்து பேர், ஐந்து புதுத் தூண்டில். என்னிடம் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்வதும் முகாம் அட்டவணையில் இருக்கிறதாம், கினுயோ போட்டுக் கொடுத்தாளாம், அதிலும் என் முத்திரை இருக்கிறதாம்.

"சார்," என்றார்கள் ஐந்து பேரும் ஒரே குரலில்.