இணையத்தில் எனக்கொரு இடம்

நான் செய்த குற்றம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள். முப்பத்தோரு வருஷம் பிஸெர்த் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் ஒரு நல்ல கேமரா வாங்கினேன். எங்கள் பழைய துறைமுகத்தைப் படமெடுத்தேன். படகு, பனிமூட்டம், பாய்மரம், வலை, மறுபடியும் படகு. அவற்றில் சிறந்த பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, தலைநகர் துனிஸ் வரைக்கும் போய், ஜன்னல் அளவுக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக்கொண்டு வந்தேன். இணையத்தில் கடை திறந்து இதையெல்லாம் உலகத்துக்கே விற்கப்போகிறேன் என்று மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு, என் மனைவி தலெந்தாவிடம் அறிவித்தேன்.

அவள் மணப்பெண் உடைகள் தைப்பவள். வாயில் ஊசி இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "உலகம் இருக்கட்டும். விருந்தாளி ரூமை விட்டு இதுங்க எப்ப வெளியில போகும்?"

பன்னிரண்டு படங்களும் அங்கேதான் இருந்தன. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பேஜாவிலிருந்து அவளுடைய அக்காவும் தங்கையும் வருவார்கள். மூன்று பேரும் சேர்ந்து வருஷத்துக்கு வேண்டிய கூஸ்கூஸை ரவையில் உருட்டி, மிளகாய் கோத்து, தக்காளி உலர்த்துவார்கள். மூன்று வாரம். படுக்கை அந்த அறையில்தான். இந்த வருஷம் அங்கே படுத்தால் பாய்மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும் என்றாள்.

கலைக்கு ஓர் அறை ஒதுக்க முடியாத வீடும் ஒரு வீடா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அவள் கோபப்படாதபோது நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

"சரி மனுஷா. ஆகஸ்டுக்குள்ள ஒரே ஒரு படம் வித்துக் காட்டுங்க. அந்த ரூம் ஆயுசுக்கும் உங்களுக்கு. அவங்க கூடத்துல படுத்துக்குவாங்க. விக்கலைன்னா எல்லாம் மொட்டைமாடிக்கு."

மொட்டைமாடியில் வெயிலும் உப்புக்காற்றும். அங்கே போனால் என் படகுகள் ஒரு வாரத்தில் மூழ்கிவிடும். இருந்தாலும் மூன்று மாதம் கையில் இருக்கிறது, ஒரு படம் விற்க முடியாதா? ஒப்புக்கொண்டேன்.

கடைக்கு முதலில் இடம் வேண்டும். இணையத்தில் அந்த இடத்தை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஹோஸ்டிங் கம்பெனி என்று பெயர். அவர்களைப் பற்றி நான் மரியாதையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதல் கம்பெனி, இலவசம் என்றது. நல்ல மனிதர்கள் என்று நினைத்து ஒரு படத்தை ஏற்றினேன். அதிகாலைத் துறைமுகம், தண்ணீரில் ஒரு சலனம் இல்லை. அந்தத் தண்ணீரின் நட்டநடுவில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து மிதக்கவிட்டார்கள். கால் விரலிடுக்குப் புண்ணுக்குக் களிம்பு. அந்த வெளிச்சத்துக்காக நான் ஒன்பது நாள் காத்திருந்தேன்; களிம்புக்காரன் ஒன்பது நொடிகூடக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது கம்பெனி, எல்லையில்லாத இடம் தருவதாகச் சொன்னது. ஏழாவது படத்தை ஏற்றும்போது, நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று கடிதம் வந்தது. முப்பத்தோரு வருஷம் எல்லைகளைப் பற்றியே பாடம் நடத்தியவனிடம் இப்படிச் சொல்கிறார்கள். எல்லையே இல்லாத இடத்தில் நான் எதைத் தாண்டினேன் என்று விளக்கம் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரியில் பதில் போட்டார்கள்.

மூன்றாவது இடத்தில் படம் மேலிருந்து கீழாக இறங்கித் திறந்தது. எதிர்வீட்டு லல்லா ஸக்கியாவின் போனில் திறந்து காட்டினேன். அந்த அம்மாள் அடுப்பில் தேநீர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேநீர் கொதித்து, குடித்து, கோப்பையைக் கழுவியும் ஆயிற்று. பாய்மரத்தின் நுனி மட்டும்தான் தெரிந்தது. "அழகான குச்சி, ஸீ ஹேதி" என்று, ஐயா போட்டு என் பேரைச் சொல்லிப் பாராட்டிவிட்டுப் போனாள்.

நான்காவது இடத்தில் படம் சட்டென்று திறந்தது. ஆனால் நிறம் மாறிப்போனது. கடல் கரும்பச்சை முலுக்கியாக் கீரைக் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு ரொட்டியோடு பார்த்தால் பசியெடுக்கும். வாங்கத் தோன்றாது.

ஐந்தாவது கம்பெனியில் உதவிக்கு ஒரு பெண் பேசினாள். இனிமையான குரல். என் குறையை அரைமணி நேரம் சொன்னேன். மறுபடி சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். மறுபடி சொல்லுங்கள் என்றாள். மூன்றாவது தடவைதான் அது இயந்திரம் என்று புரிந்தது. ஓர் இயந்திரத்திடம் என் பிள்ளைப்பருவம் வரைக்கும் சொல்லியிருந்தேன்.

இப்படியே ஜூலை நடுப்பகுதி வந்துவிட்டது. எந்தக் கம்பெனி எவ்வளவு இடம் தருகிறது, எவ்வளவு அவமானம் தருகிறது என்று இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிவைத்திருந்தேன். கடை மட்டும் இல்லை.

"இணையதளம் என்னாச்சு?" என்று தலெந்தா கேட்டாள்.

"ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தா ரெண்டு நாள்ல தளம் போட்டுட்டுக் கூலி வாங்கிட்டுப் போயிருப்பான்."

"இது அந்தத் தளம் இல்லை."

"அதான் தெரியுதே. இதுல நிக்க முடியலை."

அவளுக்கென்ன. வீட்டு வாசலில் ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. மாத்தரிலிருந்து, மென்ஸெல் ஜமீலிலிருந்து மணப்பெண்கள் வீடு தேடி வருகிறார்கள். யார் சொல்லி வருகிறார்கள் என்றால் யாரோ சொன்னார்கள் என்கிறார்கள். இப்படி நடப்பதற்கு வியாபாரம் என்று பெயரா? அதில் ஒரு திட்டம் வேண்டாமா?

அக்காவும் தங்கையும் வர இரண்டே வாரம் இருந்தது. அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். அதை ஏமாற்று என்று சொல்லாதீர்கள். தற்காப்பு.

இடம் கிடைத்துவிட்டது, கடையும் திறந்தாயிற்று, முதல் ஆர்டரும் வந்துவிட்டது என்று ஒரு காலையில் சொன்னேன். ஒட்டாவாவில் ஒரு பல் டாக்டர், 'பனியில் மூன்று படகுகள்' கேட்கிறார். பணம்? வெளிநாட்டுப் பணம், வந்து சேர நாளாகும். அவள் கடையைக் காட்டச் சொல்லவில்லை. அதெல்லாம் எனக்குப் புரியாது என்று சொல்லி, படத்தைப் பொதியப் பழைய போர்வையும் கொடுத்தாள்.

பார்சலைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையம் இருக்கும் திசையில் நடந்தேன். தெரு திரும்பியதும் லுவாஜ் நிலையத்துக்குப் போனேன். ஆள் சேர்ந்ததும் கிளம்பும் வாடகை வேன்கள் அங்கேதான் நிற்கும். தபர்க்கா வேனில் பார்சலை ஏற்றினேன். தபர்க்கா துறைமுகத்தில் என் பழைய சிநேகிதன் லஸ்ஸாத் காப்பிக்கடை வைத்திருக்கிறான். படம் வருகிறது, ஆகஸ்ட் போகட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை உன் சுவரில் மாட்டிவை, யாரிடமும் மூச்சு விடாதே என்று போனில் சொல்லியிருந்தேன். சரி என்றான். நல்லவன். அதுதான் பின்னால் வினையாயிற்று.

பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. அறை ஆயுசுக்கும் என்னுடையது. கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து வெளியே போனால், ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். கனடா வரைக்கும் போய்விட்டீர்களாமே என்றார். முடிதிருத்துகிறவர் தன் மருமகனுக்கும் அங்கே ஒரு வேலை பார்க்கச் சொன்னார். தலெந்தா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். மணப்பெண்களிடம்கூடச் சொல்லியிருந்தாள். மறுநாள் லல்லா ஸக்கியா ஜன்னலில் இருந்தபடி, இன்றைக்கு ஆர்டர் எதுவும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஐயோ பாவம் என்ற பார்வை ஒன்று பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே ஆஸ்லோவில் ஒரு வக்கீல் பிறந்தார்.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. புவியியல் படித்தவனுக்கு ஊர்களுக்கா பஞ்சம்? லிமாவில் ஒரு விதவை. பெர்த்தில் ஒரு கப்பல் மாலுமி. கியோட்டோவில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆளுக்கொன்று. அங்கெல்லாம் இப்போது குளிரா என்று லல்லா ஸக்கியா கேட்டால், பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை பாகை என்பது முதற்கொண்டு சொன்னேன். தலெந்தா பார்சல் கட்ட உதவினாள். மூலைக்கு மூலை துணி வைத்து, மணப்பெண் உடை மடிப்பதுபோலப் பொதிந்தாள். இன்னும் எத்தனை மிச்சம் என்று தினமும் அக்கறையாகக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவள் இவ்வளவு பெருமைப்பட்டுப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி கடைசிப் படமும் போயிற்று. நான்காம் தேதி அக்காவும் தங்கையும் ரவை மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள்.

தலெந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ரூம் உங்களோடதுதான். நான் வாக்கு மாற மாட்டேன். ஆனா காலியா கிடக்கே. அவங்க படுத்துக்கட்டுமா?"

நான் என்ன சொல்ல முடியும்? ஒரு வெறும் சுவரைப் பாதுகாக்கிறேன் என்றா? தலையாட்டினேன். ஜெயித்த அறையை என் கையாலேயே கூட்டி, துடைத்து, திறந்து கொடுத்தேன். அங்கே இரண்டு மெத்தை போட்டார்கள். நான் கூடத்துச் சாய்மணையில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளினேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் என் படங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தபர்க்காவில் அலை நன்றாக இருக்கிறதாம், படம் எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு வேன் ஏறினேன். தலெந்தா வழிக்கு ரொட்டியும் முட்டையும் கட்டிக்கொடுத்தாள்.

லஸ்ஸாதின் கடையில் நல்ல கூட்டம். சுவரில் பதினோரு வெறும் ஆணி. பன்னிரண்டாவது ஆணியில் என் வலை உலர்த்தும் படம் தொங்கியது. அதன் கீழே கறுப்புக் கரை போட்ட ஓர் அட்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன்.

'காலஞ்சென்ற ஹேதி பின் அம்மார் எடுத்த கடைசிப் படங்கள்.'

லஸ்ஸாத் ஓடிவந்து என்னைத் தூண் மறைவில் இருந்த மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மெதுவா, ஹேதி. மெதுவா. அதோ அந்த ஸூஸ் ஊர்த் தம்பதி இன்னும் முடிவு பண்ணலை."

"நான் எப்ப செத்தேன்?"

"போன மாசம் இருபத்தி மூணு. உன் வீட்டம்மாதான் தேதி சொன்னாங்க."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னது இதுதான். முதல் படம் வந்து சேர்ந்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு அழகான படத்தைச் சும்மா மாட்டிவைத்திருக்கிறோமே என்று, அதே வேன் டிரைவரிடம் ஒரு பெரிய மீனைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். நான் வீட்டில் இல்லை. தலெந்தா கதவைத் திறந்திருக்கிறாள். படம் பத்திரமாக வந்தது, ஸீ லஸ்ஸாத் ஸலாம் சொன்னார் என்று டிரைவர் மீனையும் சேதியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறான். மீனைச் சமைத்து எனக்குப் போட்டுவிட்டு அவள் லஸ்ஸாதுக்குப் போன் செய்திருக்கிறாள். அந்த மீனை நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"நான் மறைக்கத்தான் பார்த்தேன்" என்றான். "உன் வீட்டம்மா திட்டவே இல்லை. இன்னும் பதினொண்ணு வரும், இடம் பண்ணி வைங்கன்னாங்க. வித்தும் பாருங்கன்னாங்க. முதல்ல யாரும் வாங்கலை. இது மாதிரி நாங்களே போன்ல எடுத்துக்குவோம்னு போயிட்டாங்க. அதைச் சொன்னேன். அப்படின்னா எடுத்தவர் இப்ப உயிரோட இல்லைன்னு சொல்லிடுங்கன்னாங்க. அதுக்கப்புறம் வந்தது எதுவும் சுவர்ல தங்கலை, ஹேதி. பத்தொன்பது நிமிஷத்துல ரெண்டு போச்சு ஒரு தடவை. ஒரு அம்மா அழுதுட்டாங்க."

பணம் எங்கே என்று கேட்டேன். வேனில் பேஜாவுக்கு, அவளுடைய தங்கை பேருக்கு அனுப்பியாயிற்று என்றான். அறையில் போட்ட இரண்டு மெத்தைகளும் புதுசாக இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

போனை எடுத்தேன். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் பேசாததையெல்லாம் அன்றைக்குப் பேசினேன். கட்டின புருஷனை உயிரோடு புதைத்தவளே என்றேன். ஐந்து கம்பெனிகள் செய்யாத அவமானம் என்றேன். என் கலையை என் பிணத்தின் மேல் நின்று விற்றாயே என்றேன். தலெந்தா பொறுமையாகக் கேட்டாள். பின்னணியில் அவள் அக்காவும் தங்கையும் கூஸ்கூஸ் சலிக்கும் சத்தம் கேட்டது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் சொன்னாள். "மூணு மாசமா நீங்க இடம் தேடினீங்க. நான் ஆளைத் தேடினேன். அவ்வளவுதான் வித்தியாசம். கத்தாதீங்க மனுஷா. இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குன்னு லஸ்ஸாத் சொன்னார்."

அதற்குள் ஸூஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டார். தூண் மறைவில் ஒருவன் கண் சிவந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, உதடு துடிக்க உட்கார்ந்திருக்கிறான். அவர் எழுந்து வந்தார். அவருடைய மனைவியும் வந்தாள். நான் இறந்தவருக்கு உறவா என்று தணிந்த குரலில் கேட்டார்.

லஸ்ஸாத் என்னைப் பார்த்தான். நான் லஸ்ஸாதைப் பார்த்தேன்.

"அவரோட தம்பி" என்றேன்.

அந்த மனிதர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும் என்றார். இப்படி ஒரு கண் இந்த நாட்டில் இனி யாருக்கு வாய்க்கும் என்றார். அந்த அம்மாள் வலைப்படத்தின் முன்னால் போய் நின்று, கீழ்மூலையில் நான் கஷ்டப்பட்டுப் பிடித்த நிழலைச் சரியாகச் சுட்டிக்காட்டினாள். என் நிழலை இதுவரை யாரும் கவனித்ததில்லை. தலெந்தாவே கவனித்ததில்லை. எழுந்து போய், அந்த நிழல் எந்த மணிக்கு எப்படி விழுந்தது என்று சொல்ல நாக்கு துடித்தது. அவர்களோ இன்னும் விலை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தப் படம் கைமாறும்வரை நான் வாயைத் திறக்காமல் செத்தவனாகவே உட்கார்ந்திருந்தேன்.