இருபத்திரண்டு மீசைகள்

எனக்கு நன்றாக எண்ணத் தெரியும். பார்க்கத்தான் தெரியாது. முகப்பேரில் எங்கள் வீட்டுக்கு ஏற நாற்பத்தாறு படி என்பது குடிவந்த அன்றே எனக்குத் தெரியும்; நான்காவது படி உடைந்திருப்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது. இந்தக் குறையோடு எழுபத்திரண்டு வயது வரை உயிரோடு இருந்துவிட்டேன். மானத்தோடு இருந்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணிதப் புத்தகங்களுக்குக் கணினியில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். அந்த மென்பொருளில் கையால் இழுத்து எதையும் வரைய முடியாது. 'இந்தப் புள்ளியில் இவ்வளவு பெரிய வட்டம்' என்று வரி வரியாகக் கட்டளை எழுத வேண்டும். திரையில் கட்டளைதான் தெரியும். படத்தின் லட்சணம் தாளில் அச்சாகி வந்தால்தான் தெரியும். (பிரசவம் மாதிரிதான், வைத்துக்கொள்ளுங்களேன்.)

சாப்பாட்டு இடைவேளைகளில் அதில் ஒரு பொம்மை முயல் செய்தேன். மொத்தம் பதினொரு வளைவு. கட்டளையில் 'கண்ணாடி' என்று ஒரு சொல் சேர்த்தால் முயல் கண்ணாடி போட்டுக்கொள்ளும். 'குடை' என்றால் குடை பிடிக்கும். மல்லிகைச் சரம், ஹெல்மெட், டிபன் கேரியர் எல்லாம் உண்டு. ஒரே முயலை வைத்துக்கொண்டு ஊரில் யாரை வேண்டுமானாலும் செய்துவிடலாம். பிரம்மாவுக்கு அடுத்து நான்தான் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்த காலம் அது.

இந்தப் பிரம்மாவோடு பேசாத ஒரே மனிதர் என் மாமனார். ஆவடியில் ஃபோர்மேன். பெண் பார்க்கப் போன அன்று அவர் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. "நாற்பது செகண்ட் லேட்டுங்க," என்றேன். (என் கடிகாரம்தான் வேகம் என்பது பிறகு தெரிந்தது.) பெண்ணைக் கொடுத்தார், பேச்சைக் கொடுக்கவில்லை. நான் ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "வசந்தா, அவரைச் சாப்பிடச் சொல்லு," என்பார் என் மனைவியிடம். நான்கு வருடம் இப்படியே ஓடியது.

அவருக்கு அறுபது நிறைந்து மணிவிழா வந்தது. "அப்பாவைச் சிரிக்க வெச்சுட்டீங்கன்னா பேசிடுவாரு," என்றாள் வசந்தா.

சிரிக்க வைக்க என்னிடம் இருந்தது முயல் ஒன்றுதான். குடும்பத்தில் இருபத்துமூன்று பேர். ஒரே தாளில் இருபத்துமூன்று முயல், கீழே பெயர், மேலே வாழ்த்து. அச்சடித்து மண்டபத்தில் கொடுப்பதாகத் திட்டம். முதல் முயல் மாமனார். எல்லாம் முடிந்து ஒரு பிரதியை வசந்தாவிடம் காட்டினேன்.

"அப்பா எங்க?"

"இதோ, முதல்ல."

"மீசை இல்லாம எங்கப்பாவா? நல்ல நாளும் அதுவுமா!"

நியாயம்தான். மாமனாரை மறந்தாலும் அந்த மீசையை யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஓடி, அவசர அவசரமாக 'மீசை' என்று தனியாக ஒரு வரி சேர்த்துத் தாளை எடுத்தேன். இருபத்துமூன்று முயலும் இருக்கின்றனவா என்று மூன்று முறை எண்ணினேன். இருந்தன.

அச்சகத்தில் மிஷின்காரர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இன்னா சார், ஒரே மீசையா கீது?"

"அது எங்க மாமனார் மீசை," என்றேன் பெருமையாக.

"எல்லாமா?"

"எண்ணிக்கை சரியா இருக்குப்பா. ஓட்டு."

"உன் குடும்பம், உன் மீசை. நமக்கு இன்னா நைனா," என்று முந்நூறு தாள் ஓட்டிக் கொடுத்தார்.

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் தாள்களை விநியோகித்தேன். முதல் வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் போயிற்று. வெற்றி என்று கைகட்டி நின்றேன். அப்போது என் கொழுந்தியாள், "அத்தான், என்ன இது?" என்று தாளை என் மூக்கருகே நீட்டினாள். அன்றுதான் முதல் முறையாக அதைப் பார்த்தேன்.

மல்லிகைச் சரத்தோடு என் மாமியார், மீசையோடு. எட்டு மாதக் கைக்குழந்தை, மீசையோடு. டிபன் கேரியரோடு என் மனைவி, முறுக்கிய மீசையோடு. மொத்தம் இருபத்திரண்டு மீசை. மழமழவென்று இருந்த ஒரே முயல் என் மாமனார்.

மாலையோடு அவர் என்னை நோக்கி வந்தார். வாசலுக்கு எத்தனை அடி என்று எண்ணினேன். பத்தொன்பது.

"மாப்ளே," என்றார்.

நேராக, என் முகத்தைப் பார்த்து! நான்கு வருடத்தில் முதல் சொல்.

"என்னை மட்டும் ஏன் வழிச்சு விட்டீங்க?"

உளறிக்கொட்டி விளக்கினேன். மென்பொருள் மேலிருந்து கீழே படிக்கும். மீசை வரியை அவருடைய முயலுக்கு மேலே எழுதியிருக்க வேண்டும், கீழே எழுதிவிட்டேன். அடைப்புக்குறி போட்டிருந்தால் ஒரு முயலோடு நின்றிருக்கும், போடவில்லை. அதனால் அவரைத் தாண்டிய பிறகு மீசை தொடங்கி, தாள் முடியும்வரை நிற்கவே இல்லை. ஒன்பது நிமிடம் பேசினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது, நட்டை முறுக்கிட்டு அப்புறமா வாஷரைப் போட்டிருக்கீங்க," என்றார்.

"ஆமாங்க."

"எங்க மிஷின் ஷாப்புல தினம் ஒருத்தன் பண்ணுவான். இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது? உக்காருங்க."

பக்கத்தில் மாமியார் தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தஞ்சு வருசமா இந்த மீசையப் பாத்து பயந்துகினு கெடந்தேன். எனக்கு நல்லாத்தான் கீது," என்றார். மாமனார் சிரிக்க ஆரம்பித்தவர், மாலை அவிழ்கிற அளவுக்குச் சிரித்தார். அதன் பிறகு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தியதே இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நான்கு வருட மௌனத்துக்கு நான் ஏங்கியதும் உண்டு.

அன்று எடுத்த குடும்பப் புகைப்படம் இப்போதும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வசந்தா சலிக்காமல் கதை சொல்கிறாள். படத்தில் பெண்கள் அத்தனை பேரும் பின்னல் நுனியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் மாமனார் இரண்டு விரலால் தன் மீசையை மறைத்திருக்கிறார். இரு பக்கமும் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரண்டு விரல் போதாது, நான்கு விரலாவது வேண்டும் என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?