புரட்டாசியில் பூனைக்குப் பச்சைக் கறி

கோழித் தீவன ஆலையில் பதினெட்டு வருடமாகக் கலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற எனக்கு, ஒரு பூனைக்குட்டிக்குச் சாப்பாடு வைக்கத் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் மட்டும் சொந்தக்காரர்கள் விட்டுவிடவா போகிறார்கள்? நானே சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு நாமக்கல்லுக்கு வெளியே. போன வருடம் என் மகள் நிவேதா பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும்போது புத்தகப் பைக்குள் ஒரு பூனைக்குட்டியோடு இறங்கினாள். சாம்பல் நிறம். 'சிமெண்ட்' என்று பெயர் வைத்தாள். (நானும் ஒரு பெயர் சொன்னேன். யார் கேட்டார்கள்?)

சிமெண்ட் பாக்கெட்டில் விற்கிற உலர் தீனியை மட்டும்தான் தின்னும். அதிலும் ஒரே கம்பெனி, ஒரே ருசி. பால் வைத்தால் திரும்பிப் படுக்கும். கருவாட்டுத் தலை வைத்தால் என்னை ஒரு மாதிரி பார்க்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு திமிரோடு யாரும் சாப்பிட்டதில்லை.

ஒருநாள் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். அங்கே பிடித்தது சனி. மக்காச்சோளம். சோயா. அரிசி. காலை எட்டு மணியிலிருந்து நான் மூக்கில் இழுத்துக்கொண்டிருக்கிற அதே தூசி! கோழிக்கு நான் போடுவதையே பூனைப் படம் போட்ட பையில் அடைத்து என் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று மாலையே போனில் தேடினேன். எந்த நாட்டிலோ ஒருவர் தன் பூனைக்குப் பச்சைக் கறி போடுகிறார், அது புலி மாதிரிக் கிழித்துத் தின்கிறது. இருபது நிமிட வீடியோ. நான் ஆறு நிமிடம் பார்த்தேன். எப்படிப் பழக்குவது என்பது மீதிப் பதினான்கு நிமிடத்தில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அது புரட்டாசி மாதம். எங்கள் பக்கம் பாதிப் பேர் கறியைத் தொடமாட்டார்கள். கடையில் கூட்டம் இருக்காது, கறி மலிவு, கேட்ட இடத்தில் வெட்டித் தருவார்கள். ஆரம்பிக்க இதைவிட நல்ல மாதம் கிடையாது என்று எனக்குப் பட்டது. என் மனைவி கவிதாவுக்குப் படவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கென்ன பித்தா? புரட்டாசியில ஊட்டுக்குள்ள கறியா?"

"ஊட்டுக்குள்ள இல்ல. பின்னாடி மோட்டார் ரூம்ல வெச்சுக்கறேன்."

"பெருமாளுக்கு மோட்டார் ரூம் தெரியாதாக்கும்? ஐப்பசி வரைக்கும் பொறுங்களேன்."

"அதுவரைக்கும் அது சோளத்தையே தின்னுட்டுக் கெடக்கோணுமா?"

கவிதா அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாவிட்டால் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பது என் பழைய வியாதி.

எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. வியாழக்கிழமை காலை வீட்டிலிருந்த தீனிப் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆலையில் என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டில் ஒரு மணி தீனி கிடையாது. மதியம் கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கண்ணா! நீங்க புரட்டாசியில எட்டிக்கூடப் பாக்க மாட்டீங்களே?"

"பூனைக்குங்க."

"ஆமாங்க," என்றார் அவர் கத்தியைத் தீட்டியபடி. "இந்த மாசம் வர்றவங்க எல்லாருமே அப்படித்தானுங்க சொல்றாங்க."

நெஞ்சுக்கறி, ஈரல், இதயம் எல்லாம் வாங்கிவந்து, மோட்டார் ரூமில் பலகை போட்டுப் பொடிப்பொடியாக நறுக்கி, தட்டில் வைத்துக் கூப்பிட்டேன். சிமெண்ட் வந்தது. முகர்ந்தது. பிறகு தட்டைச் சுற்றித் தரையைச் சுரண்ட ஆரம்பித்தது. மலம் கழித்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுமே, அந்தச் சுரண்டல். மூடி முடித்துவிட்ட திருப்தியோடு திரும்பிப் போனது.

"பசிச்சா தன்னால திங்கும்," என்றேன்.

இரவும் தின்னவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் தின்னவில்லை. வெந்நீரில் வைத்துச் சூடுபண்ணிப் பார்த்தேன். ஈரலை மூக்கில் தடவிப் பார்த்தேன், கையைக் கீறியது. நிவேதா பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் நின்று கெஞ்சினாள்.

"அப்பா, அந்தப் பழைய தீனியையே குடுத்தருங்கப்பா. பாவமா இருக்குதுங்கப்பா."

"இப்ப எறங்கி வந்தா நாளைக்கு நம்ம தலையில ஏறி உக்காந்துக்கும் கண்ணு. நீ போ."

மாலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. (வந்திருக்க வேண்டாம்.) தாய்ப்பூனை தின்பதைப் பார்த்துத்தானே குட்டி பழகும்? தாய் இல்லாத குட்டிக்கு யார் தின்று காட்டுவது? மோட்டார் ரூம் வாசலில் நாலு காலில் குனிந்து, ஒரு துண்டுக் கறியை விரலில் எடுத்து வாயருகே கொண்டுபோய், "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று சத்தம் போட்டு மென்று காட்டினேன். வாய்க்குள் ஒன்றும் இல்லை. வெறும் வாயைத்தான் மென்றேன். ஆனால் அது பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? சரோஜாக்கா துணி எடுக்க வந்திருந்தார். புரட்டாசி முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர். நான் நிமிர்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூனைக்குங்கக்கா!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துப் பூனை அங்கே இல்லை. அவர் காயாத துணியையும் சேர்த்து வாரிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் தளிகை. சோறு, குழம்பு, பொரியல், வடை, பொங்கல், தயிர்ச் சோறு எல்லாம் இலையில் குவித்துப் பெருமாளுக்குப் படைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். ராசிபுரத்திலிருந்து மாமியாரும் மச்சான் செந்திலும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சரோஜாக்காவையும் கவிதா அழைத்திருந்தாள். நான் வேட்டி கட்டி, நெற்றி நிறைய நாமம் போட்டு, தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். நிவேதா வந்து பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

"அப்பா, சிமெண்ட் எந்திரிக்க மாட்டேங்குதுங்கப்பா."

துணிக்கூடைக்குள் கிடந்தது. தூக்கினால் கழுத்து தொங்கியது. என்னைக் கீறக்கூட இல்லை. தேங்காயைப் போட்டுவிட்டு, கூடையோடு மகளையும் அதையும் காரில் ஏற்றினேன். வழியில் நிவேதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இது செத்துப்போச்சுன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்."

பதிமூன்று வயதுப் பிள்ளைகள் கோபத்தில் சொல்வதுதான் என்று தள்ளிவிடலாம். அவள் என்னைப்போல. சொன்னால் செய்வாள்.

டவுனில் அன்று திறந்திருந்தது ஒரே ஒரு கால்நடை மருத்துவரின் கிளினிக்தான். அவரை எனக்குத் தெரியும். எங்கள் தீவனம் போகும் பண்ணைகளுக்கு வந்து கோழி பார்க்கிறவர். அவர் குட்டியைப் பார்த்தார், என் நாமத்தைப் பார்த்தார்.

"கடைசியா எப்பத் தின்னுச்சு?"

"புதன்கிழமை ராத்திரிங்க. பசிச்சா திங்கும்னு நெனச்சேனுங்க."

"பூனை அப்படி இல்லீங்க. புடிக்கலைன்னா பட்டினியாவே கெடக்கும். பெரிய பூனைக்கே ஈரல் கெட்டுப்போயிரும். இது குட்டி வேற." தோலுக்கு அடியில் ஊசி போட்டு சலைன் ஏற்றினார். ஏற்றிக்கொண்டே கேட்டார், "ஏனுங்க, போன மாசம் பண்ணையில தீவனத்த ஒரே நாள்ல மாத்திட்டாங்கன்னு அந்த மேனேஜரை நிக்க வெச்சுக் கத்துனது நீங்கதானுங்களே? 'பழசுல புதுசக் கொஞ்சங்கொஞ்சமாக் கலந்து மாத்தோணும், கோழிக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குது'ன்னு?"

"அது கோழிங்க."

டாக்டர் ஊசியை உருவினார். நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஊரைவிட்டு ஓடத் தோன்றும்.

"பழைய தீனி இருக்குதுங்களா?"

"ஆலையில பூட்டி வெச்சிருக்கேனுங்க."

"எதுக்குங்க?"

நான் கூடையைத் தூக்கிக்கொண்டேன். "எதையாவது திங்க வெச்சிருங்க. இன்னைக்கு வாயில ஏதாவது போயாகோணும்," என்று அனுப்பினார்.

மகளையும் கூடையையும் வீட்டில் விட்டுவிட்டு ஆலைக்கு ஓடுவதாகத் திட்டம். உள்ளே படையல் முடிந்து பந்தி உட்கார்ந்திருந்தது. நிவேதா கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இலையின் ஓரமாக உட்கார்ந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு நான் திரும்பும்போது, கூடைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. மூக்கு ஆடியது. தள்ளாடி இறங்கியது. இலைக்குப் போய்த் தயிர்ச் சோற்றை ஒரு நக்கு நக்கியது. எல்லோரும் கையை நிறுத்திவிட்டோம். இன்னொரு நக்கு. அப்புறம் தலையை உள்ளே விட்டு, பொங்கல் பக்கம் போகாமல், வடையைச் சீண்டாமல், தயிர்ச் சோற்றை மட்டும் தின்றது.

"கோவிந்தா!" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று மொத்தப் பந்தியும் கத்தியது. நானும் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (நாமம் கரைந்து கண்ணில் விழுந்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.)

அத்தோடு முடிந்திருக்கும். சரோஜாக்கா வாயைத் திறந்தார். பாவம், நல்ல மனசோடுதான் திறந்தார்.

"பூனைக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க புரட்டாசின்னு. நேத்து சாயந்தரம் உங்க ஊட்டுக்காரர் பச்சைக் கறி தின்னப்பக்கூட அது பக்கத்துல இல்ல."

பந்தி மொத்தமும் என் பக்கம் திரும்பியது. மச்சான் செந்தில் அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"ஏனுங் மாப்ள, கவிதா சமைச்சுப் போடறதில்லீங்களா?"

பிறகு சிரிப்பு நிற்க அரை மணி நேரம் ஆனது. நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அதிகமானது.

சிமெண்ட் பிழைத்தது. ஆலையிலிருந்து கொண்டுவந்த தீனியை அன்று மாலையே தின்றது. டாக்டர், வெறும் கறி மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது, வேறு சத்தும் சேர்க்க வேண்டும், சுத்தமும் முக்கியம் என்று நிவேதாவிடம் எழுதிக் கொடுத்திருந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. அவள் ஐப்பசி பிறந்ததும், தீனியோடு நக அளவு கறியைக் கலக்க ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு துளி கூட்டி, மார்கழிக்குள் அதைப் பச்சைக் கறி தின்ன வைத்துவிட்டாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அது தின்னும்போது தற்செயலாகப் பார்த்தேன். பூனைத் தட்டை நான் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நானும் தொடுவதில்லை.

போன மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பரிமாறுகிறவர் என் இலையில் பிரியாணியைக் கரண்டி நிறைய அள்ளிப் போட வந்தார். எதிர் வரிசையிலிருந்து செந்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

"யோவ், நில்லுப்பா! மாப்ளைக்கு வெந்த கறிய ஒரேடியாப் போட்டறாத. ஒடம்பு ஏத்துக்காது. சோத்துல கொஞ்சங்கொஞ்சமாக் கலந்து பழக்கு!"

பரிமாறுகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. ராசிபுரத்தில் பாதிப் பேருக்குப் புரிந்தது. நான் குனிந்து தின்றேன். வேறென்ன செய்ய? பக்கத்து நாற்காலியில் ஒருத்தி என் தோளில் சாய்ந்து மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நிவேதாதான். சிரித்துவிட்டுப் போகட்டும். பேசுகிறாளே, அது போதும்.