கண் பெருத்த வலை

உலக மகா யுத்தத்தை வெல்லுறதுக்குப் பருத்தி நூல் இன்றியமையாத பொருள் எண்டு துரைத்தனத்தார் கண்டுபிடிச்ச வருஷம், நிலாவெளிக் கடையளில பொத்தான் தைக்கவும் நூல் இல்லை. எதிரியைத் தைச்சுப் பிடிக்கப் போகினமோ எண்டு நாங்கள் கேக்கேல்லை. கேக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

தலையிடி எங்கட கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கோணாமலை அண்ணருக்குத்தான். கரைவலையின்ர இரண்டு கையும் தும்புக்கயிறு. மீனை வெருட்டி உள்ளுக்கு அனுப்ப அது காணும். மீன் கடைசியா வந்து அடையிற மடி மட்டும் பருத்தி நூலில இருக்க வேணும். எங்கட மடி உக்கி, வலைக்கண்ணெல்லாம் அறுந்து கிடந்துது. சூடைமீன் கரைக்கு வாறது கொஞ்சக் காலம்தான். அதைப் பிடிச்சுக் கருவாடு போடாட்டில் மாரிக்கு ஊரில அடுப்பு எரியாது.

அண்ணர் பட்டணத்தில, ஓர்ஸ் ஹில் மேட்டில இருந்த வலைப்பொருள் பரிபாலனக் காரியாலயத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனனான். உள்ள ஒரு வெள்ளைத்துரை. அவருக்கும் எங்களுக்கும் நடுவில, மொழிபெயர்க்கிறதுக்குப் பாலசிங்கம் முதலியார். பெரிய படிப்பு. மனுசன் மீனைக் கறிச்சட்டிக்கு வெளியில கண்டதில்லை.

"ஐயா, கண்ணெல்லாம் பெருத்துப் போச்சு. மீன் நிக்குதில்லை," எண்டார் அண்ணர்.

முதலியார் அதை அப்பிடியே இங்கிலீசில சொன்னார். துரைக்குக் கண் கலங்கிப் போச்சு. அடுத்த நாள் ஊருக்கு டாக்குத்தர் வந்து, கைக்குழந்தையில இருந்து கிழடு கட்டை வரைக்கும் எல்லாற்ற கண்ணிலயும் மருந்து விட்டார். அண்டைக்கு முழுக்க எங்களுக்குக் கடல் எது வானம் எது எண்டு தெரியேல்லை.

அண்ணர் திரும்பப் போய், எங்கட கண் இல்லை, வலையின்ர கண்ணைத்தான் சொன்னனான் எண்டு விளங்கப்படுத்தினார். முதலியாருக்கு அப்பதான் விளங்கிச்சுது. பிழை விட்டிட்டன் எண்டு சொன்னால் உத்தியோகத்தின்ர மரியாதை என்னாகிறது? அதனால, இந்த ஊரில வலைக்கும் கண் இருக்காம் எண்டு துரையிட்டச் சொல்லிப்போட்டார்.

துரை ஆழமாச் சிந்திச்சார். வலைக்குக் கண் இருந்தால் மீன் அதைக் காணும். கண்டால் ஓடும். ஆகவே குறைபாடு நூலில் அன்று, கண்ணில் உளது. அதை மீனின் பார்வையிலிருந்து மறைப்பதே தக்க பரிகாரம். அந்த நாளில மறைக்கிறதுதானே நாகரிகம்! பீரங்கியை மறைச்சினம், எண்ணெய்த் தாங்கியை மறைச்சினம். முதலியாற்ற பெண்சாதிகூடப் பச்சையும் மண்ணிறமுமாத்தான் சீலை உடுத்தா.

லொறியில ஒரு வலை வந்துது. பீரங்கி மூடுற பச்சை வலை, சாக்குத் துண்டு பின்னிக் கண் ஒண்டும் விடாமல் அடைச்சது. அதுக்குப் பதிலா எங்கட பருத்தி மடியை ஒப்படைக்க வேணுமாம், சட்டமாம். ஒப்படைச்சம்.

"இதுக்குள்ளால தண்ணி போகாதே ஐயா," எண்டு அண்ணர் ஒருக்காச் சொல்லிப் பாத்தார்.

"நீர் மீன் பிடிக்கப் போறீரோ, தண்ணியைப் போக விடப் போறீரோ?" எண்டு கேட்டார் முதலியார்.

அதை மடியாக் கட்டிக் கடலில வளைச்சம். இழுத்தால் அசையுதில்லை. ஆம்பிளையள் காணாமல் பெண்டுகளும் கயிறு பிடிச்சினம். கடைசியில கரை ஏறினது சேறும் பாசியும், வழி தவறி வந்த ஒரு சூடையும். பாக்க வந்திருந்த துரை எல்லாத்தையும் சேத்துத் தராசில போடச் சொன்னார். அந்தப் பாரம் பழைய மடி ஒருநாளும் கண்டதில்லை. "புதிய மூலப்பொருளினால் பிடிதிறன் அபரிமிதமாக உயர்ந்துள்ளது" எண்டு மேலிடத்துக்கு அறிவிச்சார். மேலிடம் மெச்சிச்சுது. உங்களுக்குத் திருப்திதானோ எண்டு எங்களையும் கேட்டினம். ஓம் எண்டம். துரை கேட்டால் வேற என்ன சொல்லுறது?

பிறகு சூடை வந்துது. கரையோரம் கடல் பளபளத்துது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிண்டு பாத்தம். அண்ணரின்ர பெண்சாதி யோகம்மா அக்கா காரியாலயம் இருந்த திக்குக்கு மண் அள்ளித் தூத்தினா.

சூடை போய் முடியவிட்டு ஓர்ஸ் ஹில்லில இருந்து அவசரமா ஆள் வந்துது. அண்ணரோட போனால், அங்க எங்கட மடி! துரைமார் ரெனிஸ் ஆடுற முற்றத்தில நடுவால இழுத்துக் கட்டியிருக்கு. அடிக்கிற பந்து ஓட்டைக்குள்ளால மற்றப் பக்கம் போகுது.

முதலியார் இந்த முறை பிழை விடேல்லை. "கோணாமலை, கண் பெருத்துப் போச்சு. பந்து நிக்குதில்லை," எண்டார்.

பக்கத்து மேசையில பருத்தி நூல், உருண்டை உருண்டையா. இன்றியமையாத தேவை எண்டு கப்பலில எடுப்பிச்சதாம்.

அண்ணர் ஒரு உருண்டையைக் கையில எடுத்தார். பிறகு நிலத்தில குந்தியிருந்து, ஒரு கண் விடாமல் பொத்திக் குடுத்தார். துரை அவரின்ர முதுகில தட்டினார்.

வீட்டை வந்து மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுக்கொண்டு, "துரைமார் ஆடுறது எங்கட வலையிலயடி," எண்டார் அண்ணர். யோகம்மா அக்கா கிணத்தடியில சொன்னா. விடிய ஊரே நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சுது.

அங்கால கரையில வலை இழுக்கிற இலங்கைத்துறை ஆக்களுக்கு அது பொறுக்கேல்லை. அடுத்த கிழமை தங்கட நல்ல மடியை வள்ளத்தில ஏத்திக்கொண்டு வந்து, ஓர்ஸ் ஹில் வாசலில நிண்டினம். இரண்டாவது ரெனிஸ் முற்றத்துக்குத் தங்கட வலையை எடுக்கச் சொல்லி முதலியாரைக் கெஞ்சினவையாம்.