கீறல் விழாத டிரைவர்

"டக்" என்று ஒரு சத்தம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சொந்தக் காரைப் பின்னால் எடுக்கும்போது சொந்த வீட்டு கேட்டிலேயே இடித்துவிட்டார்.

இறங்கிப் பார்த்தார். இடது பக்கப் பின்கதவில் உள்ளங்கை அளவு பள்ளம்.

"இன்சூரன்ஸ்ல கேட்டுடலாமா?" என்றார் மனைவியிடம்.

"இதுக்குப் போயா? வெந்நீர் ஊத்தி இழுத்தா வந்துடும்."

அவருக்கும் தயக்கம்தான். விண்ணப்பத்தில் 'நான்தான் இடித்தேன்' என்று கைப்பட எழுத வேண்டும். "என்னைக்குக் கீறல் விழுதோ, அன்னைக்கே வண்டி ஓட்டறதை விட்டுடுவேன்" என்று ஓய்வு பெற்ற அன்று டெப்போவே கேட்கச் சொன்னவர்.

எப்படி விடுவது? மகள் முதல் வகுப்பில் சேர்ந்த வருஷம் செகண்ட்ஹேண்டில் வாங்கிய கார். சீட்டின் முதுகில் அவள் பேனாவால் கிறுக்கிய பூனைக்கு இன்னும் ஒரு காதுதான். பள்ளிக்கூட வாசலில் இறங்கமாட்டேன் என்று அழுதவள், கல்யாணமாகிப் போனபோது இதே சீட்டில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அழுதது அவர்.

மனைவி வெந்நீரும், குழாய் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணமும் கொண்டுவந்தாள். பலங்கொண்ட மட்டும் இழுத்தார். பள்ளம் வரவில்லை, பெயிண்ட் பாளம் பாளமாக வந்தது.

"ஐயையோ, பெருசாயிடுச்சே!"

"கத்தாதீங்க. பொண்ணு விட்டுட்டுப் போன செவப்பு நெயில் பாலிஷ் இருக்கு."

பூசினார்கள். யாரோ காருக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"உள்பக்கமா ரெண்டு தட்டு தட்டுங்க, நிமிர்ந்துடும்."

"இதெல்லாம் உனக்கு யாருடி சொன்னது?"

"கேள்விப்பட்டதுதான்."

தட்டினார். ஜன்னல் கண்ணாடி 'சர்ர்' என்று கதவுக்குள் இறங்கி மறைந்தது.

"போதும் தாயே! மெக்கானிக்கிட்ட எஸ்டிமேட் வாங்கி, இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துடறேன். சாவியையும் வெச்சுடறேன்."

"அந்த மெக்கானிக்கா? வேற ஆளே இல்லையா?"

"இருபது வருஷமா அவன்தானே பாக்கறான்!"

வழியெல்லாம் அவள் வேறு மெக்கானிக் ஷெட் தென்படுகிறதா என்று தேடிக்கொண்டே வந்தாள்.

மெக்கானிக் கதவை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "இதுக்கு ஏண்ணே மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"இடிச்சுட்டேன்பா. வாழ்க்கையில முதல் தடவை. எழுதிக் கொடுத்துட்டு, இனிமே வண்டியத் தொடறதா இல்ல." சாவியை நீட்டினார்.

மனைவி, மூலையில் கிடந்த பழைய டயர்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்தான். நீட்டிய சாவியைப் பார்த்தான். அதை வாங்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க அண்ணி... நீங்க இடிச்சதுல உதிர்ந்தது, பழைய பள்ளம் தெரியாம இருக்க நான் பூசி அடைச்ச பட்டி மட்டுந்தாண்ணே. பள்ளம், நீங்க டூட்டிக்குப் போன நாள்ல எல்லாம் அண்ணி வண்டிய எடுத்து அதே கேட்ல இடிச்சது!"