உபயம் சுமந்த ரோபோ

மூன்றாவது பெயர்ப்பலகையைத் திருகி முடித்ததும் ரோபோ இடப்பக்கம் சாய்ந்தது.

“ஏட்டி ஆதிரா, இது எங்க செங்கல்லத் தூக்க? இதத் தூக்கவே ஒரு ஆளு வேணும்,” என்றான் ஷாஜன்.

ஆதிரா அதை நிமிர்த்திப் பிடித்தாள். போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. ரோபோ ஒரு செங்கல்லைச் சுமந்து, சரிவுப் பலகையில் ஏறி இறங்கி, ஐந்து நிமிடத்துக்குள் வெள்ளைக் கோட்டைத் தாண்ட வேண்டும். பரிசு வராவிட்டால் ரோபோ கிளப்பின் அறையை விடைத்தாள் கட்டுகளைப் போட எடுத்துக்கொள்வதாக முதல்வர் சொல்லிவிட்டார். வகுப்பில் அவளை யாரும் கெட்டிக்காரி என்றதில்லை. அந்த அறைக்குள் மட்டும் அவள் தொட்டது வேலை செய்தது.

கல்லூரி கொடுத்தது அறையும் ஒரு மேசையும். மற்றதெல்லாம் உபயம். பெயர் எழுதாமல் கொடுக்கப்பட்ட பொருள் எதையும் அவள் அந்த ஊர்ப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஷாஜனின் சர்ச்சில் மின்விசிறி கொடுத்த ஒருவர், இறக்கையில் எழுதிய தன் பெயரை வாசிக்க முடியவில்லை என்று வேகத்தைக் குறைக்கச் சொன்னாராம்.

மோட்டார் கொடுத்தவர் அருமனையில் ரப்பர் ஷீட் வாங்கும் தங்கப்பன். பழைய காரின் வைப்பர் மோட்டார். பேட்டரி கொடுத்தவர் குழித்துறையில் தையல் கடை வைத்திருக்கும் நேசபாய். அது இறந்துபோன கணவரின் ஸ்கூட்டர் பேட்டரி; ஆகவே பலகையில் கணவரின் படமும் இருந்தது. திருகாணி கொடுத்தவர் ஹார்ட்வேர் கடை ரசலையன். அரைக் கிலோ திருகாணிக்கு ஒரு கிலோ பலகை.

“ரசலையன் மாமாவுக்க பலகையக் களத்துவோமா?”

“களத்தினா திருகாணியையும் தந்திரணுமாம். பின்ன என்ன மிஞ்சும்?”

“அப்ப வலப்பக்கம் ஒரு கல்லு கெட்டுட்டி.”

ஆதிரா யோசித்தாள். “கல்லு எதுக்குலே? இன்னொரு ஆளுக்க பலகையக் கெட்டுவோம். சக்கரமாவது கிட்டும்.”

துபாயிலிருந்து திரும்பியிருந்த யேசுரத்தினம் தன் பயணப்பெட்டிச் சக்கரம் நான்கைக் கழற்றிக் கொடுத்தார். சாய்வு நின்றது. ஆனால் அவருடைய பலகையைச் சுற்றி சீரியல் பல்பு ஓடியது.

“நாலு பேரு பாக்குத இடம்லா? லைட்டு இல்லாம என்ன பேரு?” என்றார்.

பல்பு பேட்டரியைக் குடித்தது. ரோபோ சரிவின் பாதியில் நின்று, பெயரை மட்டும் மினுக்கியது. ஆதிரா மறுபடியும் தையல் கடைக்குப் போனாள். நேசபாய் இரண்டாவது பேட்டரியும் தந்தார்.

“ரெண்டு தந்தாச்சு மோளே. இனி அவியளுக்க படத்த முன்னால வைக்கணும்.”

முன்னால் வைத்தார்கள். ரோபோ அசையவில்லை. படம் சென்சாரை மறைத்தது. எதிரே யாரோ நிற்பதாக ரோபோ நினைத்துக்கொண்டது.

பார்க்க வந்திருந்த நேசபாய்க்கு ஆச்சரியமே இல்லை. “இருந்தப்பவும் அப்படித்தான். அவியளத் தாண்டி வீட்டில ஒண்ணும் நடக்காது.”

ஷாஜன் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தான். பிறகு அதன் மூக்குக்கண்ணாடியில் இரண்டு துளை போட்டு, சென்சாரின் இரண்டு உருளைக் கண்களையும் அதன் வழியே வெளியே எடுத்தான். ஆதிரா பயந்துகொண்டே நேசபாயைப் பார்த்தாள்.

“இப்பந்தான் உயிரோட பாக்குத மாதிரி இருக்கு,” என்று அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

போட்டி நடந்த நாகர்கோவிலில் பதினெட்டு அணிகள் வந்திருந்தன. எல்லோரும் ரோபோவைப் பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து எடுத்தார்கள். ஆதிராவும் ஷாஜனும் உரச் சாக்கிலிருந்து எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அது ஆதிராவுக்கு உறுத்தியது.

முதல் அணியின் ரோபோ சரிவை அநாயாசமாக ஏறி இறங்கி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஓட்டிய பையன் கூரையைப் பார்த்தான். அடுத்தது அரைச் சாண் முன்னால். இன்னொன்று கோட்டருகே வந்து திரும்பிப் போயிற்று. ஆதிரா செங்கல்லை ரோபோவின் மேல் எடுத்து வைத்தாள். இவ்வளவு நல்ல வண்டிகளாலேயே முடியவில்லை.

“ஸ்விட்ச்சப் போடுலே, வரது வரட்டும்,” என்றாள்.

நான்கு உபயதாரர்களோடும் செங்கல்லோடும் ரோபோ முனகியபடி ஏறியது. உச்சியில் ஒரு பலகை கழன்று விழுந்தது. ரசலையனுடையது. பாரம் குறைந்ததும் வேகம் பிடித்து இறங்கி, நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டாவது விநாடியில் கோட்டைத் தாண்டியது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எதிரணிகள் ஓடிவந்து ஷாஜனைத் தூக்கினார்கள். சென்ற ஆண்டு ஜெயித்த அணியின் தலைவன் ரதீஷ், ஆதிராவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் கண் கலங்கியிருந்தது. தோற்றவர்கள் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை. படித்தவர்கள் பெருந்தன்மையானவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல்வருக்கு போன் செய்தாள். “அறை உங்களுக்குத்தான். அதை எடுக்கச் சொன்னவன் எவன்?” என்றார்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்திருந்தபோது, போட்டிக்குச் சாப்பாடு போட்ட சமையல்காரர் மத்தியாஸ் ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினார்.

“அடுத்த வருசச் சாப்பாட்டையும் எனக்கே தந்திரு மோளே, ஜெயிச்ச காலேஜ்தானே அடுத்த போட்டியச் சொந்தச் செலவில நடத்தணும், வெவரம் தெரிஞ்சவன் எவனாவது அந்தக் கோட்டத் தாண்டுவானா?”